ஓடும்போது மயங்கினால்…

"காலையில் சாப்பிடவில்லையா?" மைதானத்தில் மாணவர் மயங்கினால் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் குளுக்கோஸ் கொடுத்து, மீண்டும் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். வெயிலில் நின்று மயங்குவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு. பின்னது இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

பிரிட்டனில் 'கார்டியாக் ரிஸ்க் இன் தி யங்' என்ற தொண்டு நிறுவனம் 1995 முதல் இளையோரின் திடீர் இதய மரணத்தைத் தடுக்கப் பாடுபடுகிறது. 14 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு இசிஜி எடுக்கிறது. வலியில்லாத, சில நிமிடச் சோதனை. இதயத்தசைத் தடிப்பு, இதயத் துடிப்பின் மின்கோளாறு போன்ற மறைந்திருக்கும் குறைகள் பலவற்றை இது காட்டிவிடும். பலருக்கு முன்னறிகுறியே இருப்பதில்லை என்பதால்தான், நலமாக இருப்பவர்களையும் அந்நிறுவனம் சோதிக்கிறது.

அறிகுறி இருப்பவர்களையாவது நாம் தவறவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:
• விளையாடும்போது மயக்கம், நெஞ்சுவலி
• அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, படபடப்பு
• குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் விளையாட்டை நிறுத்தி, பெற்றோரை அழைத்துப் பேசி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

விழுந்த மாணவர் அசைவின்றி, இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.