அலையாத்தி மரமும் கனகாம்பரமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஒரு பச்சை இலையின் செல்லுக்குள் டி.என்.ஏ. மூன்று இடங்களில் இருக்கிறது: உட்கருவில், மைட்டோகாண்ட்ரியாவில், பசுங்கணிகத்தில். மூன்றிலும் சிறியது பசுங்கணிகத்தினுடையதுதான். பாடப்புத்தகம் பசுங்கணிகத்தை ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அதற்குள் இருக்கும் அந்தச் சிறிய டி.என்.ஏ. வளையம், பிச்சாவரத்து அலையாத்தி மரங்களுக்கும் பாரூர் ஏரிக்கரைச் செடிகளுக்கும் என்ன உறவு என்று காட்டக்கூடியது.

பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த உயிர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பெரிய செல் சயனோபாக்டீரியா ஒன்றை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. உள்ளே தங்கியது அங்கேயே பெருகி, வீட்டாளாக மாறிப்போனது. ரஷ்ய உயிரியலாளர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905இல் இதைச் சொன்னபோது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1960களில் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ. இருப்பது உறுதியானது, 1967இல் லின் மார்குலிஸ் எழுதிய கட்டுரை அந்தப் பழைய கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தது.

தனியே வாழும் சயனோபாக்டீரியா ஒன்றின் முழு மரபணுத்தொகையை ஜப்பானியர்கள் 1996இல் வாசித்தார்கள். அதில் சுமார் 36 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களும் இருந்தன. இன்றைய மரத்தின் பசுங்கணிகத்தில் இருப்பதோ சுமார் ஒன்றரை லட்சம் எழுத்துகள், நூற்றுச் சொச்சம் மரபணுக்கள். மீதி என்ன ஆனது? சில வேண்டாதவையாகி அழிந்தன. பல, உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. ஒளிச்சேர்க்கையின் முதன்மை நொதியான ருபிஸ்கோவின் பெரிய துண்டுக்கான மரபணு இன்றும் பசுங்கணிகத்தில் இருக்கிறது; சிறிய துண்டுக்கான மரபணு உட்கருவில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் தயாராகும் துண்டுகள் சேர்ந்தால்தான் நொதி வேலை செய்யும்.

பசுங்கணிகத்தின் முழு வரிசை முதன்முதலில் வாசிக்கப்பட்டது 1986இல். புகையிலையும் ஈரலுருத் தாவரமான மார்கன்ஷியாவும் அந்த ஆண்டு ஜப்பானிலிருந்து வெளிவந்தன. அப்போது தெரிந்த அமைப்பே பெரும்பாலான தாவரங்களுக்கும் பொருந்துகிறது. வளையத்தில் ஒரு பெரிய பகுதி, ஒரு சிறிய பகுதி, இரண்டுக்கும் நடுவே ஒன்றுக்கொன்று தலைகீழாகத் திரும்பிய இரட்டைப் பிரதிகள். ஒவ்வொரு பிரதியும் ஏறக்குறைய 25,000 எழுத்து. ஒரு பிரதியில் பிழை விழுந்தால் மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிவதால் இந்தப் பகுதி மிக மெதுவாகவே மாறுகிறது. பட்டாணியும் கொண்டைக்கடலையும் இரண்டில் ஒரு பிரதியை இழந்துவிட்டன; தட்டைப்பயறு இழக்கவில்லை. இதுவரை வாசிக்கப்பட்ட அலையாத்தி மரங்களிலும் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் வளையம் சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து. சுரபுன்னை என்ற இன்னோர் அலையாத்தியினுடையது 1,60,000ஐத் தாண்டும். பிரதிகளின் எல்லை சற்று முன்பின் நகர்வதாலும், மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெற்று வெளி நீள்வதாலும் குறுகுவதாலும் வரும் வேறுபாடு இது. மரபணுக்களின் வரிசை பெரிதாகக் கலையவில்லை.

மெதுவாக மாறுவதுதான் இந்த வளையத்தின் பெரிய பயன். தாவரங்களில் உட்கரு டி.என்.ஏ. மாறும் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் பசுங்கணிக டி.என்.ஏ. மாறுகிறது. ஆண்டுக்கு ஆண்டு பூத்து மடியும் செடிகளைவிட, தலைமுறைக்கு நீண்ட காலம் எடுக்கும் மரங்களில் அது இன்னும் மந்தம். அதனால் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பிரிவுகூட அழியாமல் தெரிகிறது. ஓர் இலைச் செல்லில் பல பசுங்கணிகங்களும், ஒவ்வொன்றிலும் வளையத்தின் பல பிரதிகளும் இருப்பதால் ஆய்வுக்கு எடுப்பதும் எளிது. 1993இல் 499 விதைத் தாவரங்களின் ஒரே ஒரு பசுங்கணிக மரபணுவை, ருபிஸ்கோவின் பெரிய துண்டுக்கான அந்த மரபணுவைத்தான், ஒப்பிட்டுத் தாவர உலகின் குடும்ப மரத்தையே திருத்தி வரைந்தார்கள்.

அலையாத்தி என்பது ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல, ஒரு வாழ்க்கை முறையின் பெயர். கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வாழப் பழகிய மரங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிடுகின்றன. உலகில் இத்தகைய இனங்கள் எழுபதுக்குச் சற்று முன்பின். அவை இருபதுக்கு நெருக்கமான குடும்பங்களில் சிதறிக் கிடக்கின்றன. உப்புச் சேற்றுக்கு ஒரு குடும்பம் போய்ப் பெருகவில்லை. பல குடும்பங்களிலிருந்து ஒவ்வொரு கிளை தனித்தனியே போய்ச் சேர்ந்தது.

வெண்கண்டலின் கதை இதற்கு நல்ல சான்று. பழைய தாவர நூல்கள் அதை வெர்பினேசியே குடும்பத்தில் வைத்தன. வேறு சிலர் அதற்கென்றே ஒரு தனிக் குடும்பம் ஏற்படுத்தினார்கள். உருவ அமைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ததில் வந்த குழப்பம் அது. 2002இல் ஷ்வார்ஸ்பாக், மெக்டேட் என்ற இரு ஆய்வாளர்கள் பசுங்கணிக வரிசைகளையும் உட்கருவின் ரைபோசோம் வரிசைகளையும் ஒப்பிட்டு, வெண்கண்டல் அகாந்தேசியே குடும்பத்துக்குள் வருவதைக் காட்டினார்கள். தலையில் வைக்கும் கனகாம்பரம், இருமலுக்குக் கஷாயம் வைக்கும் ஆடாதொடை, ஏரிக்கரைச் சேற்றில் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளி எல்லாம் அந்தக் குடும்பம். பிச்சாவரத்தில் வெண்கண்டலின் காலடியில் வளரும் கழுதைமுள்ளியும் அதே குடும்பம்தான். ஆனால் இரண்டும் உப்புநீருக்கு வந்தது தனித்தனி வழியில்.

சுரபுன்னையின் உறவு இன்னும் வியப்பானது. அதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய சகோதரக் குடும்பம் எரித்ராக்சிலேசியே. தென்னமெரிக்கக் கோக்கா செடியின் குடும்பம் அது. நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட குத்துக்காடுகளில் நிற்கும் செம்புளிச்சானும் அதில் ஒன்று. கால் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் மரமும், ஆண்டில் பாதி நாள் தண்ணீரே காணாத மரமும் ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்து முளைகள். இரண்டும் மரவள்ளியும் ஆமணக்கும் வரும் பெரும் வரிசைக்குள் அடங்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமோ நேராக ஆமணக்கின் குடும்பத்துக்காரன். சோனரேஷியா என்ற அலையாத்தி, மாதுளைக்கும் மருதாணிக்கும் உறவு.

மரபணுக்கள் உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன என்று மேலே சொன்னது பழங்கதை மட்டும் அல்ல. அந்த நகர்வு பின்னாளிலும் தொடர்ந்திருக்கிறது. அதன் தெளிவான சாட்சி ஓர் அலையாத்தி மரத்தில் கிடைத்தது. சுரபுன்னைக் குடும்பத்தைச் சேர்ந்த புருகியேராவின் பசுங்கணிகத்தில் ஆர்.பி.எல். 32 என்ற மரபணு இல்லை. அது ரைபோசோமின் ஒரு புரதத்துக்கானது; இல்லாமல் பசுங்கணிகம் நடக்காது. 2007இல் டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த கியூசாக், வோல்ஃப் இருவரும் அது உட்கருவில் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்கான மரபணுவின் நடுவே போய் உட்கார்ந்திருந்தது.

இடம் பெயர்ந்த மரபணுவுக்கு ஒரு சிக்கல் உண்டு. உட்கருவின் ஆணைப்படி புரதம் வெளியே தயாராகும். அது பசுங்கணிகத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். அதற்குப் புரதத்தின் முனையில் ஒரு சிறு தொடர் தேவை. தபாலில் முகவரி எழுதியிருந்தால்தான் கடிதம் போய்ச் சேரும், அதுபோல. புதிதாக வந்த மரபணுவிடம் அந்த முகவரி இருக்காது. டிஸ்மியூட்டேஸ் நொதி ஏற்கெனவே பசுங்கணிகத்துக்குள் போய் வேலை செய்வது. வெயிலில் அங்கே உண்டாகும் நச்சு ஆக்சிஜனை முறிப்பது அதன் பணி. அதன் முகவரியையே ஆர்.பி.எல். 32 எடுத்துக்கொண்டது. புருகியேராவில் ஒரே மரபணுவிலிருந்து, செய்தி வெட்டி ஒட்டப்படும் விதத்தைப் பொறுத்து, ஒரு முறை நொதியும் ஒரு முறை ரைபோசோம் புரதமும் வருகின்றன. மரவள்ளியும் ஆமணக்கும் வரும் அதே பெரும் வரிசையைச் சேர்ந்த பாப்லர் மரத்தில் அந்த மரபணு இரண்டாகப் பெருகி, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. பரிணாமத்தின் நடுவழியில் நிற்கும் நிலை ஒன்றை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை.

பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டுமே வருகிறது. மகரந்தம் அதைச் சுமப்பதில்லை. பிச்சாவரத்தில் இரண்டு வகைச் சுரபுன்னைகள் கலந்து பிறந்த ஒரு மரம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கே. கதிரேசன் அதற்கு ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயர் வைத்தார். சென்னைத் தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் டி.என்.ஏ. ஆய்வு மூலம் அது கலப்பினம் என்று உறுதி செய்தார்கள். கலப்பு என்பதை உட்கரு சொல்லும். இருவரில் தாய் யார் என்பதைச் சொல்ல வேண்டியது பசுங்கணிகம்.

தாய்வழி என்பதற்கு அலையாத்தியில் இன்னொரு பொருளும் உண்டு. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாகக் கீழே விழுந்து, கடலில் மிதந்து போகிறது. ஆகவே பசுங்கணிக டி.என்.ஏ.வைப் பார்ப்பது கடல்வழிப் பயணத்தைப் பார்ப்பதற்குச் சமம். அப்படிப் பார்த்தபோது மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் ஒரே இனத்து மரங்கள் வேறுவேறு தாய்வழியாக இருந்தன. பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, தீபகற்பமும் சுமத்ராவும் போர்னியோவும் ஒரே நிலமாகக் கிடந்தன. இருபக்க நாற்றுகளும் கலக்க வழியில்லை. கண்டேலியா என்ற மரத்தை, தென்சீனக் கடலை எல்லையாக வைத்து, 2003இல் இரண்டு இனமாகவே பிரித்துவிட்டார்கள்.

இந்த வளையத்திடம் கேட்கக் கூடாத கேள்வியும் உண்டு. மரம் உப்பை எப்படித் தாங்குகிறது என்பது அதில் அநேகமாக இல்லை. சுரபுன்னை வேரிலேயே உப்பைத் தடுக்கிறது. வெண்கண்டல் உள்ளே விட்டு இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. இரண்டும் உட்கருவின் வேலை. 2021இல் புவனேஸ்வரத்தின் உயிர் அறிவியல் நிறுவனமும் தமிழ்நாட்டின் எஸ்.ஆர்.எம். மையமும் வெண்கண்டலின் உட்கரு மரபணுத்தொகையை 31 குரோமோசோம்களாக வாசித்து வெளியிட்டன. சுமார் 46 கோடி எழுத்து, 31,477 மரபணுக்கள். அவற்றில் 3,246 உப்போடு தொடர்புடையவை. பசுங்கணிக வளையம் இதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பசுங்கணிகத்தின் ஏதோ ஒரு மரபணுவில் நாலைந்து எழுத்து வேறுபட்டதும் அதை உப்புக்கான தகவமைப்பு என்று முடிவு கட்டும் கட்டுரைகள் வருகின்றன. சோதனை இல்லாத வரை அவற்றை ஊகமாகவே கொள்வது நல்லது.

தாய்வழி வேறுபாடு தெரிந்த பிறகு நடவிலும் கவனம் தேவை. கரையோரத்தில் அலையாத்தி நடும்போது நாற்று எந்தக் கழிமுகத்திலிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். தொலைவிலிருந்து கொண்டுவந்து கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. 2021ஆம் ஆண்டு வன அறிக்கையின்படி தமிழ்நாட்டில் இருந்த அலையாத்திக் காடே 45 சதுர கிலோமீட்டர்தான்.

இந்த வரிசைகள் எல்லாம் ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெண்கண்டல், ஆடாதொடை, சுரபுன்னை மூன்றின் ருபிஸ்கோ மரபணு வரிசைகளையும் இறக்கி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எந்த இரண்டுக்கு நடுவே மாறிய எழுத்துகள் குறைவு என்று எண்ணிப் பார். உன் பள்ளிக் கணினியே அதற்குப் போதும்.

அன்புடன்,
பெரியப்பா