தூரத்திலிருக்கும் வீட்டுக்காரருக்கு

உத்தியோக நிமித்தம் டில்லியில் தங்கிவிட்டு, கும்பகோணத்துப் பூர்விக வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் என்னைப் போன்றவர்கள், குடிவருபவர் யோக்கியரா, வாடகை ஒழுங்காக வருமா என்று விசாரிப்பதில் காட்டும் சிரத்தையில் கால் பங்கைக்கூட, வீட்டில் ஒரு பழுது நேர்ந்தால் அவர் அதை நமக்குச் சொல்லத் துணிவாரா என்று யோசிப்பதில் காட்டுவதில்லை.

அவர் சொல்லாமலிருக்கக் காரணம் உண்டு. செலவு தம் தலையில் விழுமோ, அதைச் சாக்கிட்டு வாடகை ஏறுமோ, காலி செய்யச் சொல்வார்களோ என்ற சம்சயத்தில் அவர் வாளாவிருக்க, கைப்பிடிச் சுவரின் இடுக்கில் இரண்டே இலையோடு முளைத்தபோது விரலால் பிடுங்கியிருக்கக்கூடிய அரசங்கன்று வேரோடிச் சுவரைப் பிளந்துவிடும். சருகு அடைத்த மழைநீர்க் குழாயால் மொட்டை மாடியில் தேங்கிய நீர், தட்டோட்டுச் சந்துகளில் இறங்கிக் கூடத்தில் சொட்டத் தொடங்கிய பிறகே நமக்குச் சமாசாரம் வரும்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து எழுதிக்கொண்டேன்: ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட ரிப்பேர்களை என்னைக் கேளாமலே செய்து, ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று. குடியிருப்பவர் முதன்முதலில் கழித்துக்கொண்டது கொல்லைக் குழாயின் வாஷருக்கான சில்லறைக் காசு. வேறு உடன்பாடு இல்லாதபோது, 2017-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி, வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு; கட்டுமானப் பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. அந்தச் சில்லறையை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டதன் பிரயோஜனம் ஐப்பசி அடைமழையில் தெரிந்தது: கூடத்து மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்த அன்றே படம் வந்து சேர்ந்தது.

மேற்பார்வைக்கு உறவினரை நியமிப்பதைக் காட்டிலும், ஒரு கொத்தனாரையும் ஓர் எலக்ட்ரீஷியனையும் குடியிருப்பவருக்கு அறிமுகம் செய்துவைத்து, கூலியைத் தாமதமின்றி அனுப்புவது மேல். உறவினர் வாசலில் காபி குடித்துவிட்டு, எல்லாம் சௌக்கியம் என்று எழுதிவிடுவார்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த மேற்சொன்ன சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் வாடகை ஆணையத்தில் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருப்பதோடு, வீட்டைப் பார்வையிட வருபவர் 24 மணி நேரம் முன்னதாகவே அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆதலால் ரயிலிலிருந்து இறங்கிய வேகத்தில் சொந்த வீடுதானே என்று கதவைத் தட்டலாகாது. அரையாண்டுச் சொத்துவரியை இருந்த இடத்திலிருந்தே செலுத்திவிடலாம். அந்நிய தேசத்தில் வசிப்பவரானால், வாடகையில் வருமான வரியைப் பிடித்தம் செய்யும் கடமை குடியிருப்பவருக்கு உண்டு என்பதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்துவிடுவது நலம்.

கடைசியாக, பழுதைத் தெரிவித்த வருஷத்தில் வாடகையை உயர்த்தாதீர்கள். நியாயமான உயர்வானாலும், சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாகவே அவர் அதைக் கொள்வார். அதன் பிறகு எந்த ஷரத்தும் அவரைப் பேசவைக்காது.