நவராத்திரிக்குக் கைவேலைப் பரிசுகள்: குறைந்த செலவில், நிறைந்த மனத்துடன்



நவராத்திரி நெருங்கும்போது நம் வீடுகளில் பேச்செல்லாம் கொலுவைப் பற்றித்தான். எத்தனை படி, எந்த நாளில் என்ன சுண்டல், யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போடுகிறோம். பட்டியலின் கடைசியில் ஒரு கேள்வி வரும்: "வருகிறவர்களுக்கு என்ன வைத்துக் கொடுப்பது?" இந்த இதழின் குடும்பப் பாடத்திற்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. சென்ற நவராத்திரியின்போது நம் சங்கக் குடும்பங்களில் ஒன்று கொலு வைக்கவில்லை. பிறகு விசாரித்தபோது அந்தச் சகோதரி மெல்லச் சொன்னார்: "பொம்மையெல்லாம் கட்டிலடியில் பத்திரமாக இருக்கிறது. படி கட்டவும் இடம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் எவர்சில்வர் டப்பாவும் ஹாட்பேக்கும் கொடுக்கிறீர்கள். நாங்கள் எதைக் கொடுப்பது? அதனால்தான் யார் வீட்டுக்கும் வரவும் இல்லை." அவர் கணவரின் சம்பளம் அந்த ஆண்டு குறைந்திருந்தது நமக்குத் தெரியாது. அன்பாக நினைத்துத்தான் நாம் ஒவ்வொருவரும் கொடுத்தோம். ஆனால் நம் அன்பே ஒரு வீட்டின் கதவைச் சாத்திவிட்டது. இதை நினைக்கும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாம்பூலம் மொய் அல்ல

நம் ஊரில் மொய் என்று ஒரு வழக்கம் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் மொய் விருந்தே வைப்பார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதை நோட்டில் குறித்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் நல்ல ஏற்பாடுதான் அது. அதில் கணக்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

தாம்பூலம் அப்படிப்பட்டதல்ல. வீட்டிற்கு வந்த சுமங்கலியையும் கன்னிப் பெண்ணையும் அம்பிகையாகவே எண்ணி மஞ்சள், குங்குமம், பூ, பழம் கொடுப்பது அது. வாங்குகிறவர் திருப்பித் தரவேண்டும் என்ற கணக்கு அதில் கிடையாது. இங்கே நாம் தெரியாமலே தாம்பூலத்தை மொய்யாக்கிவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது நாளும் நாளொன்றுக்கு 5 பேர் வந்தால் 45 பேர். ஆளுக்கு 15 திர்ஹாமில் ஒரு பொருள் என்றால் 675 திர்ஹாம். அதையே 5 திர்ஹாமுக்குள் வீட்டில் செய்தால் 225 திர்ஹாம்தான். மிச்சம் 450 திர்ஹாம். சிலருக்கு அது சிறு தொகை. சிலருக்கோ பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணம். ஆகவே, இந்த ஆண்டு தாம்பூலத்துடன் வைக்கும் பொருள் 5 திர்ஹாமுக்கு மேற்படாமல், கூடுமானவரை கையால் செய்ததாக இருக்கட்டும் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம். வசதியுள்ள வீடுகள் முதலில் இதைக் கடைப்பிடித்தால்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் போகும்.

முதல் பரிசு: பருப்புப் பொடி

தேவை: துவரம்பருப்பு 500 கிராம், பொட்டுக்கடலை 250 கிராம், காய்ந்த மிளகாய் 20, மிளகு 2 தேக்கரண்டி, பெருங்காயத்தூள் 1 தேக்கரண்டி, தூள் உப்பு 2 மேசைக்கரண்டி.

துவரம்பருப்பை எண்ணெய் விடாமல் சிறு தீயில் சிவக்க வறுக்கவும். மிளகாயையும் மிளகையும் தனித்தனியாக வறுக்கவும். பொட்டுக்கடலையைச் சூடேறும் அளவுக்குப் புரட்டினால் போதும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகு, பெருங்காயமும் உப்பும் சேர்த்து மிக்ஸியில் பொடிக்கவும். 50 கிராம் வீதம் 15 பொட்டலம் வரும். 45 பேருக்கு மூன்று முறை செய்தால் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செப்டம்பர் மாதத்தில் நம் கடற்கரை நகரங்களில் காற்றில் ஈரம் அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொடியைப் பொட்டலம் கட்டினால் கட்டி தட்டிவிடும். ஏசி ஓடும் அறையில், ஈரமில்லாத கரண்டியால் நிரப்புங்கள். செய்த தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

இந்தப் பொடியில் சில பொட்டலங்களைக் கூடுதலாகக் கட்டி வையுங்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அறைக்கு ஆறு பேராகத் தங்கி வேலை செய்யும் நம் சகோதரர்கள் எத்தனையோ பேர் கோயிலுக்கு வருகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து சோறு மட்டும் வடித்துக்கொள்ளும் ஒருவருக்கு, ஒரு கரண்டி நெய்யும் இந்தப் பொடியும் கிடைத்தால் அது அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி. கொலுவுக்குப் பெண்களை மட்டும்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. ஒரு நாள் சாயங்காலம் இவர்களையும் சுண்டலுக்கு அழைப்போம்.

இரண்டாவது பரிசு: பேரீச்சை எள்ளுருண்டை

நாம் வாழும் மண்ணின் பழத்தை நம் பலகாரத்தில் சேர்ப்பது அழகல்லவா? பேரீச்சை மரத்தைச் சார்ந்த அறிவையும் பழக்கவழக்கங்களையும் யுனெஸ்கோ 2019 ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமீரகம், ஓமன், பஹ்ரைன், குவைத், சவூதி அரேபியா உட்பட 14 நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. கோடையில் அறுவடையாகும் புதுப் பழம், நவராத்திரி சமயத்தில் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும்.

கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 250 கிராம், வறுத்த எள் 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 50 கிராம், ஏலக்காய் 4, நெய் ஒரு தேக்கரண்டி. எள்ளையும் கடலையையும் ஏலக்காயையும் கரகரப்பாகப் பொடித்து, பழத்தைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, நெய் தொட்ட கையால் உருட்டினால் 20 உருண்டை வரும். சர்க்கரையும் வேண்டாம், பாகு பதமும் பார்க்க வேண்டாம். குழந்தைகளே உருட்டலாம். கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. ஆகவே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டில் எழுதுவது அவசியம். ஒரு வாரத்திற்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு அரபுக் குடும்பத்திற்கோ பாகிஸ்தானியக் குடும்பத்திற்கோ கொடுப்பதானால், நைவேத்தியம் செய்வதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். படைத்த பண்டத்தை ஏற்பதில் சிலருக்குத் தயக்கம் இருக்கும். அதை அறிந்து நடப்பதும் கொடுப்பதில் ஒரு பகுதிதான்.

மூன்றாவது பரிசு: ரவிக்கைத் துணியில் பை

ரவிக்கைத் துணியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் வாங்கியது அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து நம்மிடமே திரும்பி வரும்! மாமிகள் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைப்பார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தை நிறுத்துவோம்.

80 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள துணியை அகலவாட்டில் இரண்டாக வெட்டினால் 80க்கு 45 அளவில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் பாதியாக மடித்து, இரு பக்கமும் தைத்து, வாயை மடித்து அடித்தால் இரண்டு பை ஆயிற்று. கைப்பிடிக்குப் பழைய வேட்டியின் கரையில் 50 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து, இரட்டைத் தையல் போடுங்கள். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம்.

இந்தப் பை அலமாரியில் தூங்காது. அபுதாபியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகள் 2022 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டன. 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடை அமீரகம் முழுவதற்கும் வந்தது. தமிழ்நாட்டிலும் 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு வருகிறவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். இன்று அந்தப் பைக்கே மரியாதை திரும்பியிருக்கிறது.

நான்காவது பரிசு: காகிதக்கூழ்த் தட்டு

நம் பாட்டிமார்கள் முறத்தின் இடுக்குகளை அடைக்க, காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசுவார்கள். அதே கூழில் கூடையும் தட்டும் செய்வார்கள். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் கொலு பொம்மைகளும் காகிதக்கூழில் செய்யப்படுகின்றன.

பழைய செய்தித்தாள் பத்துத் தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்து அரைக்கவும். 50 கிராம் வெந்தயத்தை இரவு ஊறவைத்து அரைத்துச் சேர்க்கவும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, கூழை விரல் கனத்திற்குத் தட்டி அப்பவும். நம் ஊர் வெயிலுக்குக் குறையாத வெயில் இங்கே இருக்கிறதே! ஜன்னலோரத்தில் மூன்று நான்கு நாள் காயட்டும். பிறகு துணியை உரித்துவிட்டு வண்ணம் தீட்டலாம். அச்சு மை கலந்திருப்பதால் தின்பண்டத்தை நேராக அதில் வைக்க வேண்டாம். குங்குமச் சிமிழ், பூ, வளையல் வைக்க ஏற்றது.

ஐந்தாவது பரிசு: குரலும் கையெழுத்தும்

எழுபது, எண்பதுகளில் வளைகுடாவிற்கு வந்தவர்கள் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு அழுவார்கள். இன்று கைப்பேசியில் தினமும் பேசுகிறோம். ஆனால் எதையும் சேமித்து வைப்பதில்லை.

இந்த நவராத்திரியில் பிள்ளைகள் ஒன்பது நாளும் பாட்டியிடம் ஒவ்வொரு பலகாரத்தின் பக்குவத்தைக் கேட்டு, ஒரு நோட்டில் தமிழில் எழுதட்டும். பாட்டி சொல்லும் குரலையும் பதிவு செய்து வையுங்கள். ஒன்பது பக்கம் நிறைந்ததும் அந்த நோட்டின் நகலைச் சித்தி, அத்தை, மாமி வீடுகளுக்கு அனுப்பலாம். பேரப்பிள்ளையின் தமிழ்க் கையெழுத்தைவிடத் தாத்தா பாட்டிக்கு வேறென்ன பரிசு வேண்டும்?

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. ஊரிலிருந்து வரும் மசாலாப் பொடியிலும் இனிப்பிலும் அது கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொன்னால் தப்ப முடியாது.

2. துபாய் சுங்கத்துறையின் தடைப் பட்டியலில் வெற்றிலை உள்ளிட்ட பான் பொருள்கள் இருக்கின்றன. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். மஞ்சள், குங்குமம், பூ, பழம், தேங்காய் இருந்தாலே தாம்பூலம் நிறைவுதான்.

3. காய்ந்த கொப்பரையை விமானத்தில் எடுத்துச் செல்லாதீர்கள். எண்ணெய்ச்சத்து மிகுந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. ஊறுகாய், நெய் முதலியவற்றைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.

4. இவை கொடுப்பதற்கு மட்டும். உணவுப் பண்டங்களை விற்க உரிமம் வேண்டும். தர்மத்திற்கென்று தனி மனிதர்கள் பணம் திரட்டவும் அமீரகச் சட்டம் இடம் தருவதில்லை.

குடும்பத்துடன் பேசிப் பார்க்க

பாலர் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெற்றோருடன் பேசி வர வேண்டிய கேள்விகள்:

1. நமக்குக் கிடைத்த பரிசுகளில் இன்றும் நினைவில் நிற்பது எது? அதன் விலை நினைவிருக்கிறதா?

2. திருப்பித் தர இயலாத ஒருவருக்கு நாம் கொடுக்கும்போது, அவர் மனம் நோகாமல் எப்படிக் கொடுப்பது?

3. வாங்கிக்கொள்ளவும் ஒரு பண்பு வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

துபாயில் ஜெபல் அலி கோயில் 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது நவராத்திரி நிறைவடையும் வேளையில்தான். அபுதாபியிலும் 2024 பிப்ரவரி 14 அன்று பெரிய மந்திர் ஒன்று திறக்கப்பட்டது. கும்பிடப் பெரிய இடங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆனால் கொலு வீட்டுக்குள் நடப்பது. ஒரு வீடு இன்னொரு வீட்டைக் கூப்பிட்டால்தான் அது விழா.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்றார்கள் நம் பெரியவர்கள். நம்மால் இயன்றதைச் செய்வோம். பிறருக்கும் இயன்றதாக அதை வைத்திருப்போம். இந்த ஆண்டு முதல் நாள் மாலை, அந்தச் சகோதரியின் வீட்டுக் கட்டிலடியிலிருந்து பொம்மைகள் வெளியே வந்து படியேறுமானால், நாமெல்லோரும் ஒரு பொட்டலம் பருப்புப் பொடியோடு அங்கேதான் முதலில் போவோம். அவர் கொடுக்கும் மஞ்சள் குங்குமத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்வோம்.

அனைவருக்கும் நவராத்திரி நல்வாழ்த்துகள்.