ஓய்வு பெற்ற பின் ஓத வெட்கமா?

அல்ஹம்துலில்லாஹ், வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.



சில மாதங்களுக்கு முன், இஷா முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருவர் என்னிடம் வந்தார். ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து, 54 வயதில் வி.ஆர்.எஸ். வாங்கியவர். "ஹஜ்ரத், எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது. பேரன் மக்தபில் ஓதுறான். அவனுக்குத் தெரியாம எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றார். வி.ஆர்.எஸ். தாளையும் படிக்காமலே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாராம்.

நம் பகுதியில் வேலை என்பது ஆயுளுக்கு முன்பே முடிந்துவிடக்கூடியது. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. 2017இல் எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. வேலை போனதும் கையில் மிஞ்சுவது நேரம். உடல் நலமும் ஓய்வு நேரமும், மனிதர்களில் பலர் ஏமாந்து இழக்கும் இரண்டு நிஃமத்துகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த நேரம் டீக்கடையிலும் செல்போனிலும் கரைகிறது.

"இந்த வயசிலா?" என்று கேட்கிறோம். நபித்தோழர்கள் முதிர்ந்த வயதிலும் கல்வி கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் கல்விப் பாடத்தில் குறிப்பிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதில்தான் ஃபிக்ஹ் படிக்கத் தொடங்கினார்கள். பட்டறைக் கை கிதாபைப் பிடிக்க வெட்கப்படவில்லை. திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பதும் ஹதீஸ்தான்.

துன்யாவின் கல்விக்கும் வழி திறந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத வயது உச்சவரம்பு இல்லை. வங்கித் தாளை நாமே படித்துக் கையெழுத்திடுவதும் அமானிதத்தைக் காப்பதுதான்.

அந்தப் பெரியவர் இப்போது காயிதாவை முடித்துவிட்டார். போன வாரம் பேரனே அவருடைய 'ளாது' உச்சரிப்பைத் திருத்தினான். அவர் சிரித்தார், ஒளிக்கவில்லை.

நம் பள்ளியில் மஃரிபுக்குப் பிறகு பெரியவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வாருங்கள். பிள்ளைகளே, உங்கள் அத்தாவைக் கேலி செய்யாமல் நீங்களே கைபிடித்து அழைத்து வாருங்கள்.

மவுத்து வரும்வரை கற்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.