கம்பெனி நாடு மாறும்போது கணக்கு பிசகாமல் இருக்க

2016 ஜூலையில் அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்குப்படி, 2015-இல் அந்நாட்டின் ஜிடிபி 26.3 சதவீதம் உயர்ந்திருந்தது. சில மாதங்களுக்கு முன் வந்த மதிப்பீடோ 7.8 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் ஊரெங்கும் ஆலைகள் எழுந்துவிடவில்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக்கு மாற்றியதே முக்கியக் காரணம். விதிப்படி கணக்கு சரிதான். ஆனால் அந்த எண்ணால் மக்களின் வாழ்நிலையைச் சொல்ல முடியவில்லை. கடன் விகிதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கட்டும் பங்கு வரை இத்தகைய எண்களைச் சார்ந்தவை என்பதால், புள்ளியியல் அலுவலகங்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும். அதற்கான வழிமுறை இது.

1. பெரிய நிறுவனங்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள்

நாட்டுக் கணக்கை அசைக்கக்கூடிய நிறுவனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள். பங்குச் சந்தை அறிவிப்பு, இணைப்புச் செய்தி, காலாண்டு படிவத்தில் திடீர்த் தாவல் ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும். அயர்லாந்தில் இதற்கென்றே பெரு நிறுவனப் பிரிவு ஒன்று இயங்குகிறது.

2. நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள்

எந்தச் சொத்து, எந்தத் தேதியில், எங்கிருந்து எங்கே போகிறது? சட்டப்படி உரிமையாளர் யார், லாப நஷ்டத்தைச் சுமப்பவர் யார்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். சீன ஆலையில் தயாராகி ஜெர்மனியில் விற்பனையாகும் கருவி அயர்லாந்து மண்ணையே தொடாமல் இருக்கலாம். நிறுவனத்தின் அயர்லாந்துக் கிளையே ஒப்பந்தத்தில் அதைச் செய்வித்து, பொருளுக்கும் உரிமையாளராக இருந்தால், விற்பனை அயர்லாந்தின் ஏற்றுமதியாகப் பதிவாகும்.

3. வீட்டுக்குள் ஒரே பதிலை எட்டுங்கள்

ஜிடிபி, வெளிநாட்டு வர்த்தகம், தொழில் உற்பத்தி, செலுத்துநிலைக் கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பவர்களும் மத்திய வங்கியும் ஒன்றாக உட்காருங்கள். ஒரே நிறுவனத்தை ஒரு பிரிவு பழையபடியும் இன்னொரு பிரிவு புதியபடியும் எழுதினால், கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

4. எதிர்முனை நாட்டோடு பேசுங்கள்

சொத்து மூன்றாம் காலாண்டில் வெளியேறியதாக ஒரு நாடு எழுதி, அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் வந்ததாக மறுநாடு எழுதினால், இடையில் அது எந்த நாட்டின் கணக்கிலும் இராது. விற்பனையா, நிறுவனமே சொத்தோடு இடம்பெயர்ந்ததா என்பதிலும் ஒத்துப்போக வேண்டும். விற்பனை என்றால் அது வாங்கும் நாட்டில் முதலீடாகவும் இறக்குமதியாகவும் பதிவாகும். இடப்பெயர்வு என்றால் அமைப்பு மாற்றமாகச் சொத்துக் கணக்கில் மட்டும் ஏறும். ஐரோப்பாவில், ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் முன்னெச்சரிக்கை அமைப்பு இந்தப் பேச்சுக்கு மேடை தருகிறது.

5. ரகசியத்தைக் காத்தபடியே பகிருங்கள்

ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகங்கள் தமக்குள் ரகசியத் தரவைப் பரிமாற 2009-ஆம் ஆண்டின் 223-ஆவது ஒழுங்குமுறை நிபந்தனைகளுடன் வழி தருகிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில், தொகையைச் சொல்லாமல் எந்தக் காலாண்டு, எந்த வகைப்பாடு என்பதை மட்டும் பேசலாம். அதுவே பாதிப் பிசகைத் தடுத்துவிடும்.

6. வாசகருக்கு விளக்கி வெளியிடுங்கள்

நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே, எண் ஏன் தாவியது என்பதைப் புரியும்படி எழுதுங்கள். கூடவே மாற்று அளவையும் கொடுங்கள். அயர்லாந்து மத்திய வங்கியின் அப்போதைய ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2017 முதல் திருத்திய மொத்த தேசிய வருமானம் அங்கே வெளியாகிறது. இடம்பெயர்த்த அறிவுசார் சொத்து, குத்தகை விமானம் ஆகியவற்றின் தேய்மானத்தையும், தலைமையகத்தை மட்டும் அங்கே மாற்றிக்கொண்ட நிறுவனங்களின் பங்கிடாத லாபத்தையும் அது கழித்துக் காட்டுகிறது.

எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்கள், தங்கள் பட்டியலின் முதல் 10 நிறுவனங்களுக்கு நேராக இரண்டு தொலைபேசி எண்களை எழுதி வையுங்கள்: நிறுவனத்தின் கணக்கு அதிகாரியுடையது ஒன்று, எதிர்முனை நாட்டின் புள்ளியியல் அதிகாரியுடையது இன்னொன்று. எண் அச்சேறுவதற்கு முன் அந்த இரண்டு அழைப்புகளும் போயிருக்க வேண்டும்.