மில்லிமீட்டர் அலையும் மலிவான ஆன்டெனாவும்

அலை குறுகினால் ஆன்டெனாவும் குறுகும். கூரைமேல் கட்டிய நீண்ட கம்பி, இன்று கைப்பேசிக்குள் அடங்கியதற்கு இதுவே முதற்காரணம். 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ளவை மில்லிமீட்டர் அலைகள். 28 கிகாஹெர்ட்ஸையும் இவற்றோடு சேர்த்தே பேசுவது வழக்கம்.

இவ்வலைகளுக்கு ஏற்றது நுண்பட்டை ஆன்டெனா. மின்கடத்தாத் தகடு ஒன்று. அதன் அடியில் முழுதும் செம்பு. மேலே ஒரு செவ்வகச் செம்புத் துண்டு. அவ்வளவே! இக்கருத்தை டெஷாம்ப்ஸ் 1953-இல் வெளியிட்டார். 1970-களில் இது நன்கு வழக்கிற்கு வந்தது. சாதாரண மின்சுற்றுப் பலகையைப் போலவே அச்சிட்டு அரித்தெடுக்கலாம். ஆகவே செலவு குறைவு.

ஆனால் சிக்கனம் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். செம்புத் துண்டின் நீளம், தகட்டினுள் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. 0.254 மில்லிமீட்டர் தடிப்புள்ள டெஃப்லான் தகட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இது சுமார் 4 சென்டிமீட்டர். 28 கிகாஹெர்ட்ஸுக்கோ சுமார் 3.5 மில்லிமீட்டர்தான்! அரிக்கும்போது 0.1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், முன்னதில் அதிர்வெண் சுமார் 6 மெகாஹெர்ட்ஸ் நகரும். பின்னதில் ஏறக்குறைய 750 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா வேலை செய்யும் அலைவரிசை முழுவதுமே அவ்வளவுதான். கடுகளவுகூட இல்லாத பிழையால் ஆன்டெனா பயனற்றுப் போகும்.

இரண்டாவது இடர் தகடு. எங்கும் மலிவாகக் கிடைக்கும் எஃப்.ஆர்.4 கண்ணாடி இழைத் தகட்டில், 28 கிகாஹெர்ட்ஸ் அலை சென்டிமீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் இழக்கிறது. 3 சென்டிமீட்டர் ஓடுவதற்குள் ஆற்றலில் பாதி வெப்பமாகிவிடும். நல்ல டெஃப்லான் தகட்டில் இவ்விழப்பு மிகச் சிறிது. விலையோ மிக அதிகம்.

அங்ஙனமாயின் ஏழை மாணவன் என் செய்வது? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அலை ஊட்டும் பட்டையை இயன்றவரை குறுக்குவது. இரண்டு, விலையுயர்ந்த தகட்டை அலை ஓடும் அடுக்குக்கு மட்டும் வைத்து, மற்ற அடுக்குகளுக்கு மலிவான தகட்டை இடுவது. மூன்று, ஒரே தகட்டில் 0.05 மில்லிமீட்டர் வேறுபாட்டில் பல துண்டுகளை அச்சிட்டு, அளந்து, பொருந்துவதைத் தேர்வது. ஒரே செலவில் பல சோதனைகள்!

1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை ஆராய்ந்தார். அலையின் தளத்தைத் திருப்ப அவர் கையாண்டது முறுக்கிய சணல். சணல் மலிவு, அதை ஏன் முறுக்கவேண்டும் என்ற அறிவு மலிவன்று. பொருளில் மிச்சம் பிடிக்கலாம். கணக்கிலும் அளவிலும் மிச்சம் பிடித்தல் ஆகாது.