நினைத்தால் கை வருமா?

கேள்வி: என் அப்பா நாற்பது வருஷம் கடையில் தே தாரிக் ஆற்றியவர். ஆறு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கை தளர்ந்துவிட்டது. இப்போது பிசியோதெரபி முடிந்ததும், கண்ணை மூடிக் கோப்பையை எடுப்பதாக நினைக்கச் சொல்லி அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். "நினைச்சாலே கை வரும்னா இத்தனை நாள்ல வந்திருக்காதா?" என்று அம்மா கேட்கிறார். இது வெறும் ஆறுதலா, நிஜமாகவே பலன் உண்டா?
- ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வணக்கம். அவர் கேட்டதையே ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

நோயின் பெயரிலிருந்தே தொடங்குவோம். நாம் பக்கவாதம் என்கிறோம். வாதம் என்றால் காற்று. மலாய்க்காரர்கள் 'அங்கின் அஹ்மார்' என்கிறார்கள். சிவப்புக் காற்று என்று பொருள். இரண்டு மொழியும் பழியைக் காற்றின் மேல் போட்டதாலோ என்னவோ, கையில்தான் கோளாறு, நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கெட்டது கை அல்ல. வலக்கைக்கு உத்தரவு இடப்பக்க மூளையிலிருந்து போகிறது. அங்கே ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பகுதி பழுதாகியிருக்கிறது. கை காத்திருக்கிறது, உத்தரவுதான் வந்து சேரவில்லை.

நல்ல வேளையாக மூளைக்கு 'நெகிழ்திறன்' உண்டு. பிழைத்திருக்கும் செல்கள் புது இணைப்புகளை உண்டாக்கி, விட்டுப்போன வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் திறன் அது. அதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் தளர்ந்த கை சீக்கிரம் களைத்துவிடும். அங்கேதான் 'மனப்பயிற்சி', அதாவது உடம்பை அசைக்காமல் அசைவை மனத்துக்குள் செய்து பார்ப்பது, கைகொடுக்கிறது. கோப்பையை எடுப்பதாக நினைக்கும்போது, நிஜமாக எடுக்கையில் வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் பலவும் விழித்துக்கொள்கின்றன. தசைக்குப் போகும் கடைசி உத்தரவு மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

1995இல் நரம்பியல் ஆய்வாளர் பஸ்குவால்-லியோனேயின் குழு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பியானோவில் ஒரு விரல் பயிற்சியைச் சிலர் ஐந்து நாள் வாசித்தார்கள். சிலர் வாசிப்பதாக நினைக்க மட்டும் செய்தார்கள். விரல்களை ஆளும் மூளைப் பகுதி இரு சாராருக்கும் விரிந்தது. ஆனால் வாசிப்புத் திறமையில் நினைத்தவர்கள் பின்தங்கினார்கள். பிறகு ஒரே ஒருமுறை இரண்டு மணி நேரம் வாசித்ததும், ஐந்து நாள் வாசித்தவர்கள் எட்டியிருந்த நிலையை எட்டிவிட்டார்கள்.

அம்மாவின் கேள்விக்கான விடை அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. உங்கள் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏறினால் கால் வலுக்காது. நினைப்பு வழியைத் தயார் செய்யும். நடந்தால்தான் அது வழியாகும்.

பக்கவாத ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2007இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழு, பக்கவாதம் வந்து சராசரியாக மூன்றரை ஆண்டு கடந்த 32 பேரை ஆராய்ந்தது. எல்லோருக்கும் வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் கைப்பயிற்சி. அதோடு மனப்பயிற்சியும் செய்தவர்களின் கை, வெறுமனே ஓய்வுப் பயிற்சி செய்தவர்களின் கையைவிடத் தெளிவாக முன்னேறியது. 2011இல் பிரிட்டனில் 121 பேரிடம் நடந்த ஆய்விலோ பலன் எதுவும் தெரியவில்லை. அங்கே மனப்பயிற்சியைக் கைப்பயிற்சியோடு இணைக்காமல் தனியாகக் கொடுத்திருந்தார்கள். 25 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையும், மற்றப் பயிற்சியோடு சேரும்போது கையின் செயல்பாடு மேம்பட வாய்ப்புண்டு என்கிறது. முழுக் குணம் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

இனி, வீட்டில் செய்யும் முறை. அப்பா தன்னைத் தூரத்திலிருந்து படம் பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. தன் கண்ணால் கோப்பையைப் பார்த்து, கைப்பிடியின் சூட்டையும் கனத்தையும் உணர வேண்டும். நிஜத்தில் எடுக்கும் நேரத்தையே நினைப்பும் எடுக்க வேண்டும். மின்னல் வேகத்தில் முடிந்தால் அப்பா நடுவில் சில அசைவுகளைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். தினமும் செய்து பழகிய வேலையைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது வருஷம் டீ ஆற்றியவருக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

மூளையில் பழுதான இடத்தைப் பொறுத்து, சிலருக்குக் கற்பனை கூடிவராது. அவர்களுக்குக் 'கண்ணாடிப் பயிற்சி' உண்டு. நல்ல கையின் பிம்பம், தளர்ந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் சகாக்களும் 1999இல் பக்கவாதக்காரர்களிடம் இதைச் சோதித்து எழுதினார்கள். எது பொருந்தும் என்பதைத் தெரபிஸ்ட் சொல்வார்.

அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அப்பா கண்ணைத் திறந்ததும், பிளாஸ்டிக் கோப்பையில் கால்வாசி பச்சைத் தண்ணீர் ஊற்றி, வலக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.